காட்டுப்பன்றியை எண்ணத் தொடங்குவோம்

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காட்டுப்பன்றி புதிய விலங்கு அல்ல. காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஈர மண்ணில் அதன் குளம்புத் தடத்தைப் பார்த்திருப்பார்கள். மறுநடவு செய்த இடத்தில் இளங்கன்றின் குருத்தை அது கடித்துப் போட்டிருப்பதையும் பார்த்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களோடும் துப்பாக்கியோடும் வரும் வேட்டைக்காரர்களும், மாலையில் பங்கு பிரிக்கப்படும் இறைச்சியும் பல தோட்டங்களின் பழைய நினைவுகளில் இருக்கின்றன.

இவ்வளவு பழகிய இந்த விலங்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குத் தெரிந்த தோட்டத்திலும் அதை ஒட்டிய காட்டிலும் எத்தனை காட்டுப்பன்றிகள் இருக்கின்றன?

பெரும்பாலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு ஹெக்டரில் எத்தனை மரங்கள், எத்தனை டன் குலை, எத்தனை மூட்டை உரம் என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருக்கும் நிர்வாகியிடமும் இந்த ஒரு கணக்கு இருப்பது அரிது. வேட்டைக்காரரிடமும் இருக்காது. வேட்டையை எதிர்ப்பவரிடமும் இருக்காது. ஆனாலும் 'பன்றி பெருகிவிட்டது, சுட வேண்டும்' என்று ஒரு தரப்பும், 'உயிரைக் கொல்லாதே, தடை செய்' என்று மறுதரப்பும் உறுதியாகப் பேசுகின்றன.

கணக்கு இல்லாமல் வேட்டையாடுவதும் தவறு, கணக்கு இல்லாமல் தடை செய்வதும் தவறு. இதுதான் என் கருத்து. இதை நான் சொல்லக் காரணம், பன்றி மிகுந்தாலும் நம் காடு கெடுகிறது, பன்றி குறைந்தாலும் நம் காடு கெடுகிறது. இரண்டுக்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

பாசோ காடு சொல்லும் பாடம்

நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ வனக் காப்பகம் உலக அறிவியலாளர்கள் நன்கு அறிந்த ஒரு தாழ்நில மழைக்காடு. மலேசிய வன ஆய்வுக் கழகம் 1980களில் அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் கட்டியது. அன்று முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்த மரங்கள் மீண்டும் அளக்கப்படுகின்றன. காடு எப்படி வளர்கிறது, எப்படி மாறுகிறது என்பதை அறிய இதைவிட நேர்மையான வழி இல்லை.

அந்தக் காட்டின் பெரும்பகுதியைச் சூழ்ந்திருப்பது செம்பனை. 1990களில் அங்கே ஆய்வு செய்தவர்கள் காட்டுப்பன்றிகளின் அடர்த்தியைக் கணக்கிட்டு வியந்தார்கள். 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 47 பன்றிகள் இருந்தன. ஒரு மழைக்காட்டுக்கு இது மிக அதிகம்.

இது எப்படி நேர்ந்தது? நம் தாழ்நிலக் காடுகளில் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரே காலத்தில் ஏராளமாகக் காய்த்துக் கொட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் காட்டில் பஞ்சம்தான். அந்தப் பஞ்சமே பன்றிகளின் பெருக்கத்துக்கு இயற்கை இட்ட கடிவாளம். செம்பனையோ ஆண்டு முழுவதும் காய்க்கும் மரம். பன்றி இரவில் தோட்டத்துக்குள் வந்து உதிர்ந்த பழத்தைத் தின்கிறது, பகலில் காட்டுக்குத் திரும்பி ஒதுங்குகிறது. இப்படிக் கடிவாளம் அறுந்துவிட்டது. பன்றியை அடித்துத் தின்னும் புலி போன்ற பெரிய விலங்குகளும் அந்தக் காட்டில் இல்லாத நிலைக்கு வந்துவிட்டதால் பெருக்கத்துக்குத் தடையே இல்லாமல் போனது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். குட்டி ஈனும் முன் தாய்ப்பன்றி ஒரு கூடு கட்டும். அதற்காகச் சுற்றியுள்ள இளமரக் கன்றுகளைக் கடித்து ஒடித்தும் வேரோடு பிடுங்கியும் குவிக்கும். ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள் போகும். நூறு ஆண்டு கழித்துப் பெருமரமாக நிற்க வேண்டியவை ஒரே இரவில் பன்றியின் படுக்கையாகிவிடுகின்றன. பாசோவில் வேலியிட்டுப் பன்றி நுழையாமல் தடுத்த சிறு பகுதிகளில் கன்றுகள் செழித்ததையும், வேலிக்கு வெளியே அப்படி இல்லாததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

2017இல் வெளியான ஓர் ஆய்வு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அந்தக் காலத்தில் காட்டின் கீழ்த்தட்டில் இருந்த இளமரங்கள் 62 விழுக்காடு குறைந்திருந்தன. தோட்டத்தில் பழம் மிகுந்த காலத்தில் பன்றிக் கூடுகள் மிகுந்தன. பழைய செம்பனை வெட்டப்பட்டு மறுநடவு நடந்தபோது அவை குறைந்தன. பாதிக்கப்பட்ட அந்த ஆய்வு நிலமோ தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

அங்கே யாரும் மரம் வெட்டவில்லை. காட்டுக்குள் புல்டோசர் போகவில்லை. சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட காடு. ஆனால் அதன் அடுத்த தலைமுறை மரங்கள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருந்தன. காரணம், காட்டின் எல்லைக் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பது பன்றிக்குத் தெரியாது.

பன்றி இல்லாமல் போனால்?

அப்படியானால் பன்றிகளை ஒழித்துவிடலாமா? இங்கேதான் கதையின் மறுபாதி வருகிறது.

1950களில் தீபகற்ப மலேசியாவில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, இப்போது காட்டில் 150க்கும் குறைவான புலிகளே இருப்பதாகக் காட்டியது. புலி குறைய முதற்காரணம் திருட்டு வேட்டையும் காடு சுருங்கியதும்தான். அதோடு இரைப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. ஒரு புலி உயிர்வாழ ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரை விலங்குகள் வேண்டும். நம் காட்டில் அதன் முக்கிய இரை மூன்று: கடமான், கேளையாடு, காட்டுப்பன்றி. கடமான் பல காடுகளில் அரிதாகிவிட்டது. அதனால்தான் கடமான், கேளையாடு இரண்டையும் வேட்டையாட அரசு பல ஆண்டுகளாக உரிமம் வழங்குவதில்லை. எஞ்சியிருப்பது கேளையாடும் காட்டுப்பன்றியும்தான். ஆக, புலியின் சோற்றுத்தட்டில் பெரும்பங்கு பன்றிதான்.

அந்தத் தட்டிலும் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மலாக்காவில், அதாவது தீபகற்பத்தில், தலைகாட்டியது. இந்த வைரஸ் மனிதரைத் தாக்காது. ஆனால் பன்றி இனத்தில் தொற்றியவற்றுள் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். சபாவில் தாடிப்பன்றிகள் ஏராளமாக மடிந்தன. அவற்றை வேட்டையாடி உண்டு வாழ்ந்த கிராமத்து மக்கள், காடே அமைதியாகிவிட்டதாக உணர்ந்தார்கள். வேட்டை உரிமம் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டது.

தீபகற்பத்தில் எந்தக் காட்டில் எத்தனை பன்றிகள் மடிந்தன? எந்தத் தோட்டத்தில் பன்றித் தடம் காணாமல் போனது? நோய்க்கு முன் எண்ணியிருந்தால்தானே நோய்க்குப் பின் எத்தனை குறைந்தன என்று சொல்ல முடியும்?

2023இன் இறுதியில் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கிச் சிலர் உயிரிழந்தது நினைவிருக்கும். தோட்ட வேலை செய்தவர்களும் அவர்களுள் உண்டு. அந்தத் துயரங்களுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டுவது நியாயமாகாது. ஆனால் ஓர் உண்மையை மறுக்க முடியாது. காட்டில் இரை இல்லாத புலி காட்டிலேயே இருந்துவிடாது. அது வெளியே வரும்போது முதலில் எதிர்ப்படுபவர் விடியற்காலையில் வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளிதான். பன்றிக் கணக்கு என்பது விலங்கு ஆர்வலர்களின் பொழுதுபோக்கு அல்ல. அது தொழிலாளர் பாதுகாப்புப் பற்றியதும்கூட.

தடையா, அனுமதியா?

சட்டம் என்ன சொல்கிறது? 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தீபகற்பத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குதான். ஆனால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பெற்று அதை வேட்டையாடலாம். கம்பிச் சுருக்கு வைப்பது குற்றம். வேட்டைக்காகச் சுருக்கைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தக் கட்டமைப்பு நல்ல கட்டமைப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

என் குறையெல்லாம், நாம் உரிமத்தை ஓர் அனுமதிச் சீட்டாக மட்டுமே பார்க்கிறோம் என்பதுதான். உரிமம் எடுத்தவர் காட்டைப் பற்றிய தகவல் தருபவராகவும் இருக்க முடியும். ஒரு வட்டாரத்தில் பத்து, இருபது ஆண்டுகள் வேட்டையாடியவருக்குப் பன்றி எந்தப் பள்ளத்தில் படுக்கும், எந்த மாதம் குட்டியோடு வரும், இந்த ஆண்டு ஏன் தடம் குறைந்தது என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவு காப்பிக்கடைப் பேச்சோடு கரைந்துபோகிறது.

எல்லா வேட்டையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உரிமத்தோடு ஒரு பன்றியைக் குறிபார்த்துச் சுடுபவரும், எல்லையோரம் ஐம்பது கம்பிச் சுருக்குகளைக் கட்டிவிட்டுப் போகிறவரும் ஒரே இனத்தவர் அல்லர். சுருக்குக்குக் கண் கிடையாது. பன்றிக்கு வைத்த சுருக்கில் புலியின் கால் சிக்கும், தெனுக் சிக்கும், யானைக் கன்றின் துதிக்கையும் சிக்கும். வைத்தவர் திரும்பி வராவிட்டால் சிக்கிய விலங்கு நாள்கணக்கில் துடித்துச் சாகும். பன்றித் தொல்லையைக் குறைக்கிறோம் என்று சொல்லித் தோட்ட எல்லையில் சுருக்கு வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. தோட்ட நிர்வாகம் அதைக் கண்டும் காணாமல் இருப்பதையும் ஏற்க முடியாது.

இன்னொரு தயக்கத்தையும் பேசிவிட வேண்டும். நம் நாட்டில் பன்றி என்ற சொல்லையே பொதுவில் பேசக் கூச்சப்படுகிறோம். பிறர் சமய உணர்வை மதிப்பது நல்ல பண்பு. ஆனால் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசுவது அதன் இறைச்சியைப் பற்றிப் பேசுவது ஆகாது. அது புலியின் இரை, விதைகளையும் கன்றுகளையும் தின்று ஒடித்துக் காட்டின் வடிவத்தையே மாற்றும் விலங்கு, நோயைச் சுமக்கக்கூடிய விலங்கு. எந்தச் சமயத்தவருக்கும் அதன் எண்ணிக்கை முக்கியம்தான்.

தோட்டத்துக்கு எண்ணத் தெரியாதா?

'தோட்டம் எண்ணெய் எடுக்கும் இடம், விலங்கு எண்ணுவது எங்கள் வேலையா?' என்று நிர்வாகங்கள் கேட்கலாம். ஆனால் தோட்டங்களுக்கு விலங்கைக் கணக்கெடுப்பது புதிதல்ல.

எலியை எடுத்துக்கொள்வோம். செம்பனையின் பெரிய எதிரி எலி. புதிதாகக் கடிக்கப்பட்ட குலைகள் எத்தனை விழுக்காடு என்று ஆள் வைத்து எண்ணி, ஓர் அளவைத் தாண்டினால்தான் மருந்து வைப்பார்கள். வைத்த மருந்துக் கட்டிகளில் எலி எடுத்தவை எத்தனை என்று மீண்டும் எண்ணி, அது 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் நிறுத்துவார்கள். இது பல தோட்டங்களில் பல்லாண்டுப் பழக்கம்.

கூகை ஆந்தையின் கதையும் இதுதான். மரப்பொந்துகள் இல்லாத செம்பனைக் காட்டில் ஆந்தைக்குக் கூடு கட்ட இடமில்லை என்று கண்டு, கம்பத்தின் மேல் பெட்டி வைத்தார்கள். எத்தனை ஹெக்டருக்கு ஒரு பெட்டி, எத்தனை பெட்டியில் குஞ்சு, எலிச் சேதம் எவ்வளவு குறைந்தது என்று பதிவு செய்தார்கள். காட்டு விலங்கைத் தோட்டத்துக்கு உதவும்படி நிலத்தை நிர்வகிக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

ஆந்தைப் பெட்டியை எண்ணத் தெரிந்த தோட்டத்துக்குப் பன்றித் தடத்தை எண்ணத் தெரியாதா? எலியால் வரும் நட்டம் தோட்டத்தின் கணக்கில் விழுகிறது, அதனால் எண்ணுகிறோம். பன்றியால் காட்டுக்கு வரும் நட்டம் யார் கணக்கிலும் விழுவதில்லை, அதனால் எண்ணுவதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

சபா ஆறுகள் காட்டும் வழி

சரி, கணக்கெடுத்த பிறகு யார் முடிவெடுப்பது, யார் காவல் காப்பது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அது வேட்டையைப் பற்றியது அல்ல, மீன்பிடிப்பைப் பற்றியது.

சபாவின் உள்நாட்டு ஆறுகள் பலவற்றில் 'தாகால்' என்ற முறை நடப்பில் உள்ளது. கடசான்டூசுன் மொழியில் அதற்குத் தடை என்று பொருள். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்ததால் ஆறுகள் வெறுமையானபோது, கிராமத்து மக்கள் தங்கள் பழைய வழக்கத்துக்கு உயிர் கொடுத்தார்கள். ஆற்றைப் பகுதிகளாகப் பிரித்தார்கள். சிவப்புப் பகுதியில் என்றும் மீன் பிடிக்கக் கூடாது. மஞ்சள் பகுதியில் குறித்த காலத்தில் மட்டும், ஊர் கூடிப் பிடித்துப் பகிர்ந்துகொள்ளலாம். பச்சைப் பகுதியில் விதிகளுக்கு உட்பட்டுப் பிடிக்கலாம். மீறுகிறவருக்கு 'சோகிட்' என்ற வழக்கப்படி தண்டம். 2003இல் சபா அரசு இயற்றிய உள்நாட்டு மீன்வளச் சட்டம் இந்த முறைக்குச் சட்டத் துணையும் தந்தது. பெலியான் போன்ற விலை மதிப்புள்ள மீன்கள் பல ஆறுகளில் மீண்டும் கூட்டமாகத் திரிகின்றன.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? தாகால் முழுத்தடை அல்ல, முழு அனுமதியும் அல்ல. எங்கே, எப்போது, எவ்வளவு என்று வகுத்த ஒழுங்கு. அதைக் காப்பவர்கள் அதிகாரிகள் மட்டும் அல்லர், அந்த ஆற்றால் பயன்பெறும் மக்களே. நாளை மீன் வேண்டும் என்பதால் இன்று காவல் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

நாட்டில் சுமார் 56 லட்சம் ஹெக்டரில் செம்பனை உள்ளது. அதில் காட்டை ஒட்டிய தோட்டங்களில் மட்டுமாவது ஐந்து செயல்களைத் தொடங்கலாம்.

முதலாவது, எண்ணுவது. காட்டெல்லையில் தானியங்கிப் படக்கருவிகளை ஆண்டுக்கு ஒரு முறை சில வாரங்கள் கட்டி வைத்தாலே பன்றி கூடுகிறதா, குறைகிறதா என்பது தெரிந்துவிடும். அந்தப் படங்களில் புலியும் தெனுக்கும் வந்தால் அதுவும் பயனுள்ள செய்திதான்.

இரண்டாவது, உரிமத்தோடு ஒரு சிறு படிவம். சுட்டது எத்தனை, ஆணா பெண்ணா, எந்த இடம், எந்த நாள் என்ற விவரம் போதும். படிவம் திரும்பி வந்தால்தான் அடுத்த உரிமம் என்று வைக்கலாம். பெண் பன்றிகள் எத்தனை எடுக்கப்படுகின்றன என்பதை வைத்தே இனத்தின் பெருக்கத்தைக் கணிக்க முடியும்.

மூன்றாவது, அளவு. எண்ணிக்கை மிகுந்த இடத்தில் கூடுதலாக, நோயால் சரிந்த இடத்தில் குறைவாக அல்லது முற்றிலும் இல்லாமல், வட்டாரத்துக்கு வட்டாரம் உரிமத்தின் எண்ணிக்கை மாற வேண்டும். புலி நடமாடும் காட்டின் ஓரத்தில் பன்றியைப் புலிக்கு விட்டுவிடுவதே அறிவு.

நான்காவது, உதிரிப் பழம். பன்றியைக் காட்டிலிருந்து இழுப்பது மரத்தடியில் கிடக்கும் பழம்தான். அதை உடனுக்குடன் பொறுக்கினால் எண்ணெயும் வீணாகாது, பன்றிக்கும் விருந்து இருக்காது. பழம் பொறுக்குவதற்குத் தரும் கூலி காட்டைக் காப்பதற்கான கூலியும்தான். ஆள் பற்றாக்குறையால் முதலில் கைவிடப்படும் வேலை இது என்பது தோட்டம் அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது, செத்த பன்றி. காட்டிலோ தோட்டத்திலோ காரணம் தெரியாமல் இறந்து கிடக்கும் பன்றியைத் தொடாமல் உடனே கால்நடைச் சேவைத் துறைக்கோ பெர்ஹிலித்தானுக்கோ சொல்ல வேண்டும். இறைச்சி, காலணி, வாகனச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டே இந்த வைரஸ் ஊர் மாறுகிறது.

இவற்றுக்குச் செலவு ஆகாதா? ஆகும். ஆனால் நீடித்த செம்பனை என்ற சான்றிதழோடு எண்ணெயை உலகச் சந்தையில் விற்கும் ஒரு தொழிலுக்குச் சில படக்கருவிகள் சுமையாகா. படிவம் நிரப்புவது தொல்லை என்று வேட்டைக்காரர்கள் சொல்லலாம். கணக்கு இல்லாவிட்டால் ஒருநாள் முழுத்தடையே வரும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொல்லவே கூடாது என்பவர்களின் மனமும் எனக்குப் புரிகிறது. அவர்களிடம் நான் கேட்பது, பாசோவில் மரமாக வளராமலேயே போன கன்றுகளையும் கொஞ்சம் நினையுங்கள் என்பதுதான். அந்த மரங்களில் கூடு கட்டியிருக்க வேண்டிய இருவாட்சிகளும் உயிர்கள்தாம். ஓர் உயிரை மட்டும் பார்ப்பது இரக்கம். ஒரு காட்டையே பார்ப்பது பொறுப்பு. நிலத்தின் இயல்பை மாற்றி, புலியை விரட்டி, பழத்தைக் கொட்டி வைத்துவிட்ட பிறகு, இனி இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நாம் கைகழுவிவிட முடியாது.

காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் அந்த மண்சாலையை ஒவ்வோர் இரவும் பன்றிகள் கடக்கின்றன. அங்கே பதியும் தடங்களைப் பல தலைமுறைகளாகப் பார்த்துவிட்டோம். இனி அவற்றைக் குறித்து வைக்கவும் தொடங்குவோம்.